பதிமூணுல பதினொண்ணு முடிஞ்சுது, சரி... மீதி ரெண்டு?

ஐவர்மெக்டின் என்ற பேரு நம்மில் பலருக்கு 2021-ல் தான் அறிமுகம். கோவிட் ரெண்டாவது அலை சமயத்துல குடும்ப வாட்ஸப் குழுமத்துல சித்தப்பா, பெரியப்பா எல்லாம் ஃபார்வர்ட் பண்ணித் தள்ளினாங்களே, அதே மாத்திரை. கோவிட்டுக்கு அது பிரயோஜனம் இல்லைன்னு அப்புறம் நடந்த பெரிய சோதனைகள்ல தெரிஞ்சு போச்சு. ஆனா அதுக்குன்னு ஒரு நிஜமான வேலை இருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தி. கொஞ்சம் புலம்பலும் உண்டு, பொறுத்தருள்க :-)

அமேசான் காட்டுல, பிரேசிலும் வெனிசுவேலாவும் சேர்ற எல்லையில யானோமாமி என்ற பழங்குடி மக்கள் இருக்காங்க. அவங்க ஊர்ப் பக்கம் ஓடுற ஆறுகள்ல ஒரு கருப்பு ஈ. சில மில்லிமீட்டர் தான், முதுகு கூன் விழுந்த மாதிரி இருக்கும். நம்மூர்ல கொசுன்னா "தண்ணி தேங்க விடாதீங்க"ன்னு சொல்லுவோம். இந்த ஈ நேர் எதிர். வேகமா ஓடுற தண்ணியில தான் முட்டை போடும். ஆத்தை நிறுத்தவா முடியும்?

இது கடிக்கும்போது ஒரு புழுவோட குஞ்சு உடம்புக்குள்ள போகுது. அது வளர்ந்து தோலுக்கு அடியில கட்டி மாதிரி முடிச்சு போட்டு உக்காந்துக்கும். பெண் புழு பத்து வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கும், ஒரு நாளைக்கு ஆயிரம் குஞ்சு வரைக்கும் போடும். அந்தக் குஞ்சுகள் தோல் முழுக்க ஊர்றதால தூங்க விடாத அரிப்பு. கண்ணுக்குப் போனா, வருஷக் கணக்குல பார்வையே போயிடும். பேரு ரிவர் ப்ளைண்ட்னஸ். ஆற்றோரக் குருட்டு நோய்னு வச்சுக்குவோமே.

ஜப்பான்ல சதோஷி ஓமுரா எடுத்த ஒரு பிடி மண்ணுல இருந்த நுண்ணுயிரியிலிருந்து தான் ஐவர்மெக்டின் வந்தது. மெர்க் கம்பெனியில அதை மருந்தாக்கின வில்லியம் கேம்ப்பெலுக்கும் ஓமுராவுக்கும் 2015-ல் நோபல் கிடைச்சது. அதை விட முக்கியம், இந்த நோய்க்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவும் இலவசம்னு மெர்க் 1987-லயே அறிவிச்சுட்டாங்க. மருந்துக் கம்பெனியைப் பாராட்டுறது எனக்கு வழக்கமில்லை, இந்த ஒரு தடவை பாராட்டிக்கறேன்.

ஒரே ஒரு வில்லங்கம். இந்த மாத்திரை குஞ்சுகளைத் தான் கொல்லும், தாய்ப்புழு சாகாது. அதுவா வயசாகிச் சாகற வரைக்கும், அதாவது பத்துப் பதினைஞ்சு வருஷம், விடாம குடுத்துக்கிட்டே இருக்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, சில இடத்துல நாலு தடவை. அதுவும் ஊர்ல 85 சதவீதம் பேருக்காவது.

லத்தீன் அமெரிக்காவுல ஆறு நாட்டுல இந்த நோய் 13 இடங்கள்ல இருந்தது. பதினொண்ணுல பரவல் நின்னு போச்சு. கொலம்பியா 2013, ஈக்வடார் 2014, மெக்சிகோ 2015, குவாத்தமாலா 2016-னு வரிசையா உலக சுகாதார நிறுவனத்தோட சான்றிதழும் வாங்கிட்டாங்க. மிச்சம் இருக்கற ரெண்டும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டுமே யானோமாமி மண்ணு.

ஆபீஸ்ல ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் போடுறவங்களுக்கு இது பழக்கமான காட்சி. 13-ல 11 க்ளோஸ்டு, கிராஃப் பச்சையா இருக்கும், எல்லாரும் கை தட்டுவோம். மிச்ச ரெண்டை "எட்ட முடியாத இடம்"னு ஒரு வரியில தள்ளிடுவோம். எனக்குப் பிரச்சனை அந்த வரிதான்.

எட்ட முடியாதுன்னா, தங்கம் தோண்டுறவன் எப்படி எட்டினான்? பிரேசில்ல யானோமாமி நிலம் 1992-ல் அங்கீகரிக்கப்பட்டது, சுமார் 96 ஆயிரம் சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்டுல முக்கால்வாசி. அதுக்குள்ள சட்டவிரோதமா ஆயிரக்கணக்குல ஆளுங்க விமானம், படகு, டீசல் மோட்டாரோட போய் இறங்கினாங்க. ஆத்துல பாதரசம் கலந்தது, மலேரியா எகிறுச்சு. சுகாதாரக் குழு இறங்க வேண்டிய ஓடுதளத்தையே சில இடத்துல பிடிச்சுக்கிட்டாங்க. சுகாதார நிலையங்கள் மூடினது தான் மிச்சம். 2023 ஜனவரியில பிரேசில் அரசே அங்க மருத்துவ அவசரநிலை அறிவிக்க வேண்டி வந்தது. மாத்திரை இலவசம், ஆனா அதைக் கொண்டு போற ஆள் உள்ள போக முடியலைன்னா பெட்டியில தான் கிடக்கும்.

"அவங்களை காட்டை விட்டு வெளிய கொண்டு வந்துட்டா?"ன்னு கேக்கற நண்பர்கள் எனக்கும் உண்டு. யோசிச்சுப் பாருங்க. இந்தப் புழுவே அமெரிக்காக்களுக்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமை வணிகத்தோட வந்தது தான். 1968-ல் அவங்களைக் கொத்துக் கொத்தா கொன்ன தட்டம்மையும் வெளியிலிருந்து வந்தது. பாதரசமும் அப்படியே. இதுல காட்டோட தப்பு எங்க இருக்கு?

யானோமாமிகள் ஒரே இடத்துல நிலையா இருக்கறவங்களும் இல்லை. தோட்டம் சோர்ந்து போனா ஊரையே மாத்துவாங்க, வாரக்கணக்கா காட்டுக்குள்ள நடந்து போவாங்க. ஆறு மாசம் முன்னாடி மாத்திரை குடுத்த இடத்துல இப்ப ஆளே இருக்காது. வெனிசுவேலா பக்கம் செயற்கைக்கோள் படத்தை வச்சு புது ஊர்களைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம துறை ஆளுங்க குஷியாகிற விஷயம். ஆனா படத்துல புள்ளி தெரிஞ்சா மட்டும் யாரும் மாத்திரையை முழுங்கிட மாட்டாங்க. அங்கேயே பிறந்து, அந்த மொழி பேசி, யார் எந்தப் பக்கம் நடந்து போயிருப்பாங்கன்னு தெரிஞ்ச யானோமாமி இளைஞர்களையே சுகாதார ஊழியரா பயிற்சி குடுத்திருக்காங்க. அவங்களுக்குச் சம்பளம் ஒழுங்கா போகணும், ஓடுதளம் அவங்க கையில இருக்கணும். செலவு செய்யறதா இருந்தா நான் முதல்ல அதுக்குத்தான் செய்வேன்.