விளக்கு எரிந்தும் வழியில்லை

கடல் கடந்து வாழும் நம்மவர்க்குத் தாயகத் தொடர்பு உயிர்நாடி போன்றது. சென்னைக்கும் நம் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டு 10 ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. அதற்கு முன்னர்ச் செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்தோம். இப்போதோ இணையம் நின்றதும், "கடலில் கேபிள் அறுந்திருக்கும்" என்று கூறிக் கைகட்டி அமர்ந்துவிடுகிறோம். மகனின் தேர்வு விண்ணப்பத்திற்கு அன்றே கடைசி நாளாயிருக்கலாம். ஊரில் நோயுற்ற தந்தைக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கலாம். அவ்வேளையில், குறை கடலிலா, மேசையடியிலுள்ள சிறு பெட்டியிலா என்று அறிவது அவசியமன்றோ?

அலுவலகங்களிலும் கடைகளிலும் பல கணினிகளை இணைக்கும் பெட்டிக்கு நெட்வொர்க் ஸ்விட்ச் என்று பெயர். கேபிள் செருகும் அதன் வாய் ஒவ்வொன்றும் போர்ட்டு எனப்படும். வீட்டு மோடத்தின் பின்புறமுள்ள வாய்களும் இவ்வகையினவே.

முதற்கண் அயல் கணினியைப் பாருங்கள். அது இணையத்தில் இயங்குமாயின் கடல் மீது பழியில்லை. அடுத்து, போர்ட்டின் சிறு விளக்கை நோக்குக. அது எரியாவிடில், நன்றாக இயங்கும் வேறொரு கேபிளை மாற்றிப் பார்க்கவும். பின்னர் அதே கேபிளை வேறு போர்ட்டில் செருகவும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால், எது குறை என்பது புலப்படாது. நம் தீவுகளின் உப்புக் காற்றும் ஈரமும் செருகியின் உலோகத் தகடுகளில் களிம்பேற்றிவிடும் என்பதையும் மறவற்க.

விளக்கு எரிந்தும் செய்தி செல்லாதிருப்பதே பலரை மயக்குவது. இரயில்வே எழுத்தராகிய நமக்கு இது வியப்பன்று. நிலையத்தில் விளக்கு எரிவதனாலேயே வண்டி வந்துவிடுமா? இரு முனைகளும் மின்தொடர்பு கொண்டுள்ளன என்பதற்கே அவ்விளக்கு சான்று. வழி திறந்துள்ளது என்பதற்கு அன்று.

பெரிய அலுவலகங்களில் ஒரே ஸ்விட்சைப் பல பிரிவுகளாகப் பகுத்திருப்பர். போர்ட்டு தவறான பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தால் விளக்கு எரியும். செய்தி உரிய இடம் சேராது. மற்றொரு காரணமும் உண்டு. ஒரே கேபிளின் இரு முனைகளையும் யாரேனும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால், செய்தி ஓயாது சுழன்று பெருகி அனைத்துக் கணினிகளையும் முடக்கிவிடும். இத்தகைய சுழலைத் தவிர்க்க அமெரிக்கரான ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985 ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தளித்தார். அவ்வசதியுள்ள ஸ்விட்ச், சுழலுக்கு இடந்தரும் போர்ட்டைத் தானே அடைத்துவிடும். எளிய பெட்டிகள் பலவற்றில் இவ்வசதி இராது.

ஆகவே, அடைபட்ட போர்ட்டு எப்போதும் பழுதுபட்டதன்று. தண்டவாளத்தில் இடர் கண்டு வழியை மறித்த காவலனாகவும் இருக்கலாம். காரணத்தை நீக்காமல் மீண்டும் திறந்தால் அது மீண்டும் அடைபடும். உடனே மின்சாரத்தை நிறுத்தி ஏற்றுவதிலும் ஓர் இடையூறு உண்டு. பல ஸ்விட்சுகள் நடந்ததைக் குறித்து வைக்கும். மின்சாரம் நின்றால் அக்குறிப்பு அழிந்துபோகக்கூடும். அலுவலகமாயின், அதனைப் பொறுப்பாளர் படித்த பின்னரே நிறுத்துவது நலம்.

அனைத்துக் கணினிகளும் இணையமின்றி நின்று, கட்டடத்திற்குள் உள்ள அச்சுப்பொறி மட்டும் இயங்கினால், குறை பெரும்பாலும் வெளியே இருக்கும். அப்போது தொலைபேசி நிலையத்தாரிடம் முறையிடலாம். எதை எதை மாற்றிப் பார்த்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால், அவர்தம் பணியும் எளிதாகும். நம் காத்திருப்பும் குறையும். அருகிலிருந்து தொடங்கித் தொலைவுக்குச் செல்க. கடலை இறுதியில் ஐயுறுக.