சின்னக் கல்லூரிக்கு ஒரு பிற்பகல்

ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் இட்லி மாவும் முருங்கைக்காயும் வாங்கப் போகிற தமிழர்கள் நிறைய. அங்கிருந்து கென்னடி புலவார்டில் தெற்கே போனால் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகம் வரும். அதன் கூடைப்பந்து அரங்குக்கு 'ரன் பேபி ரன் அரீனா' என்று பெயர். 1960களின் கடைசியில் ஓடி ஓடி ஆடிய ஓர் அணியின் பட்டப்பெயர் அது. அணியின் சின்னம் மயில். நம் ஆட்களுக்கு இதைவிட நல்ல சகுனம் வேறு வேண்டுமா? ஆனாலும் 2022 மார்ச் வரை எங்கள் வட்டாரத்தில் யாரும் அந்த அணியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மார்ச்சில் நடந்த தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் மயில்கள் கென்டக்கியை 85-79 என்று கூடுதல் நேரத்தில் தோற்கடித்தன. அடுத்து மரே ஸ்டேட், அதன்பின் பர்டூ. கென்டக்கி எட்டு முறை தேசியப் பட்டம் வென்ற அணி. அதன் பயிற்சியாளரின் ஓராண்டுச் சம்பளம், செயின்ட் பீட்டர்ஸ் அணியின் ஆண்டுச் செலவைப்போலப் பல மடங்கு. தன் பிரிவின் தரவரிசையில் 15-ஆம் இடத்திலிருந்து கடைசி எட்டு வரை போன முதல் அணி என்ற பெயரோடு, வட கரோலினாவிடம் தோற்று மயில்கள் ஊர் திரும்பின.

என் அலுவலகத்தில் அலபாமாக்காரர் ஒருவர் இருக்கிறார். ஹெல்மெட் போட்டு மோதுகிற அமெரிக்க ஃபுட்பால் அவருக்கு மதம். "இது வெறும் அதிர்ஷ்டம். ஃபுட்பாலில் சிறந்த அணிதான் ஜெயிக்கும்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

உண்மையான பாதியை முதலில் கொடுத்துவிடுகிறேன். கூடைப்பந்தில் களத்தில் நிற்பது ஐந்து பேர். அதில் ஒருவருக்குக் கை பிடித்துவிட்டால் போதும். 2024-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஓக்லாண்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஜாக் கோல்கி, கென்டக்கிக்கு எதிராக இருபது முறை எறிந்தார். இருபதும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து. பத்து உள்ளே விழுந்தன. கென்டக்கி 80-76 என்று தோற்று வீட்டுக்குப் போனது. அதற்கு முன்பு இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தவர் அவர். கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு 1986-87-ல் நாடு முழுக்க வந்தது. உயரம் இல்லாதவர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரத்தை யாரும் செய்ததில்லை. ஃபுட்பாலில் தாக்க பதினொருவர், தடுக்க வேறு பதினொருவர், உதைப்பதற்குத் தனி ஆட்கள். நெடுங்காலம் ஓர் அணி 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்பது விதி. கூடைப்பந்தில் 13. அந்த எண்பத்தைந்திலும் திறமைசாலிகளை நிரப்பி வைத்திருக்கும் அலபாமாவின் எதிரில், ஒரு பையனின் நல்ல நாள் எதையும் மாற்றாது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2024 செப்டம்பரில் வடக்கு இல்லினாய் என்ற அணி நோட்ரடேமை அதன் சொந்த மைதானத்திலேயே 16-14 என்று தோற்கடித்தது. ஃபுட்பாலிலும் நடக்கிறது, பாருங்கள். ஆனால் என்ன ஆயிற்று? அதே நோட்ரடேம் அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் வரை போனது. கூடைப்பந்தில், 2018 மார்ச் போட்டியில், வர்ஜீனியாவின் கதி வேறு. நாட்டிலேயே முதல் தரவரிசையோடு வந்து, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாக அணியிடம் 74-54 என்று தோற்றது. மறுநாள் பெட்டியைக் கட்டினார்கள். ஆண்கள் போட்டியில் 16-ஆம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை வென்றது அதுவே முதல் முறை. அதுவரை 135 ஆட்டங்கள், 135 தோல்விகள். சின்ன அணி ஜெயிப்பது இரண்டு ஆட்டத்திலும் உண்டு. ஜெயித்தது கணக்கில் சேர்வது கூடைப்பந்தில் மட்டும்தான்.

இதற்குக் காரணம் ஆட்டமல்ல, ஏற்பாடு. மார்ச் போட்டியில் 68 அணிகள். கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் குழுக்களான கான்ஃபரன்ஸ்கள் முப்பதுக்கும் மேல் உண்டு. எவ்வளவு சின்னதானாலும் ஒவ்வொன்றின் சாம்பியனுக்கும் ஒரு நாற்காலி. யாரிடமும் சிபாரிசுக்குப் போக வேண்டாம். ஃபுட்பாலிலோ 2014 முதல் 2023 வரையிலான பத்துப் பருவங்களில் நான்கே அணிகள். அந்த நான்கையும் ஒரு குழு அறையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. மொத்தம் 40 இடங்கள். அலபாமா, கிளெம்சன், ஒஹாயோ ஸ்டேட், ஓக்லஹோமா ஆகிய நான்கு மட்டும் 23-ஐ எடுத்துக்கொண்டன. சின்ன கான்ஃபரன்ஸ்களிலிருந்து உள்ளே விடப்பட்டது சின்சினாட்டி மட்டும், ஒரே ஒருமுறை. 2017-ல் மத்திய ஃபுளோரிடா எல்லா ஆட்டங்களையும் வென்றும் அழைப்பு வராததால், நாங்கள்தான் தேசிய சாம்பியன் என்று தாங்களே அறிவித்து ஊர்வலம் நடத்தினார்கள். சிரித்தவர்கள் அதிகம். நான் சிரிக்கவில்லை.

இந்த வேறுபாட்டின் வேர் 1984-ல் இருக்கிறது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. ஃபுட்பால் தொலைக்காட்சி உரிமையைத் தன் கையில் வைத்திருந்தது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுத்துத் தீர்ப்பெழுதியவர் பைரன் ஒயிட். இளமையில் அவரே புகழ்பெற்ற ஃபுட்பால் வீரர். அதற்குப் பிறகு ஃபுட்பால் பணம் பெரிய கான்ஃபரன்ஸ்களின் கைக்குப் போனது. பந்தயத்தின் கடைசிக் கட்டத்தை நடத்துவதும் அவர்கள்தான், என்.சி.ஏ.ஏ. அல்ல. மார்ச் போட்டி மட்டும் இன்னும் எல்லோருக்கும் பொதுவானதாக இருக்கிறது.

என் பக்கத்து வாதத்தையும் மிகைப்படுத்தக் கூடாது. மார்ச்சில் சின்ன அணி கிரீடம் சூடுவதில்லை. ஜார்ஜ் மேசன், லயோலா சிகாகோ எல்லாம் கடைசி நான்கோடு நின்றன. பட்லர் 2010 இறுதியில் டியூக்கிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. பாதிக் களத்திலிருந்து கோர்டன் ஹேவர்ட் எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. மிகத் தாழ்ந்த தரவரிசையிலிருந்து பட்டம் வென்றது 1985-ன் வில்லனோவா, அதுவும் எட்டாம் இடம். ஆக, கூடைப்பந்து சின்னவர்களுக்குக் கொடுப்பது சிம்மாசனமல்ல. கணக்கில் சேரும் ஒரு பிற்பகல். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது அந்தப் பிற்பகலையும் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறது. 2021-ல் இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை. 2025-ல் பல்கலைக்கழகங்களே நேரடியாகச் சம்பளம் தரலாம் என்றும் ஆனது. செயின்ட் பீட்டர்ஸின் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே, கடைசி எட்டில் தோற்ற கையோடு சீட்டன் ஹாலுக்குப் போனார்; முக்கிய வீரர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

2025-ல் பட்டம் வென்ற ஃபுளோரிடாவைப் பாருங்கள். வால்டர் கிளேட்டன் வந்தது அயோனாவிலிருந்து. வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து. அலைஜா மார்ட்டின், 2023-ல் ஃபுளோரிடா அட்லாண்டிக் என்ற சின்னக் கல்லூரியைக் கடைசி நான்குக்கு அழைத்துப் போனவர்களில் ஒருவர். உழுதது ஒருவர், அறுத்தது வேறொருவர். அந்த ஆண்டு கடைசிப் பதினாறு அணிகளும் நான்கே பெரிய கான்ஃபரன்ஸ்களைச் சேர்ந்தவை. கடைசி நான்கும் தத்தம் பிரிவில் முதல் தரவரிசை அணிகள். மயிலும் இல்லை, குயிலும் இல்லை.

வீரர்கள் பணம் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. பயிற்சியாளர்கள் கோடிகளில் புரண்டபோது பையன்களுக்கு உதவித்தொகையே போதும் என்று பேசிய காலம் ஒழிந்தது நல்லதே. கிளேட்டனின் இடத்தில் என் மகன் இருந்தால் நானே மூட்டை கட்டி அனுப்பியிருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே பணம் ஃபுட்பாலைத் திறந்துவிட்டது. மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணி என்று பெயரெடுத்த இந்தியானா, ஜேம்ஸ் மேடிசனிலிருந்து கர்ட் சிக்னெட்டியையும், கலிஃபோர்னியாவிலிருந்து பெர்னாண்டோ மென்டோசாவையும் கொண்டுவந்து, 2026 ஜனவரியில் மயாமியை வென்று தேசியப் பட்டம் பெற்றது. அலபாமாக்காரர் இரண்டு வாரம் என்னிடம் விளையாட்டுப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் இந்தியானா ஏழை வீட்டுப் பிள்ளையல்ல. பிக் டென் என்ற பணக்காரக் குடும்பத்தில் படிப்பு வராத பிள்ளை. அதே பருவத்தில், 12 அணிகளாக விரிந்த பந்தயத்தில் சின்ன கான்ஃபரன்ஸ்களைச் சேர்ந்த டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் முதல் சுற்றில் தோற்றதும், இவர்களை ஏன் உள்ளே விட்டீர்கள் என்ற கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சல்தான் மார்ச் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. 68-ஐ 76 ஆக்கச் சொல்லிப் பெரிய கான்ஃபரன்ஸ்கள் வலியுறுத்தி வந்திருக்கின்றன. கூடும் நாற்காலிகளில் பெரும்பாலும் உட்காரப்போவது அவர்களுடைய ஒன்பதாம், பத்தாம் இட அணிகள்தான்.

வீரர்கள் மாறுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஏற்பாட்டை மாற்றலாம். இன்று ஒஹாயோவின் டேட்டனில் நடக்கும் நுழைவு ஆட்டங்களில் ஆடும் எட்டு அணிகளில் நான்கு, தங்கள் கான்ஃபரன்ஸை வென்று வந்த சாம்பியன்கள். 2023-ல் பர்டூவை 63-58 என்று சாய்த்த ஃபேர்லி டிக்கின்சனும் அந்த வாசலில் காத்திருந்துதான் உள்ளே வந்தது. சாம்பியனை வாசலில் நிறுத்திப் பரிசோதிப்பது என்ன நியாயம்? அவர்களை நேராக 64-க்குள் விடுங்கள். பாதி ஆட்டங்களில் தோற்றுவிட்டு, பெரிய குடும்பத்தின் பெயரைச் சொல்லி இடம் கேட்கிறவர்கள், டேட்டனில் தங்களுக்குள் ஆடி முடிவு செய்துகொள்ளட்டும்.