நிமோகாக்கல் தடுப்பூசியில் வகைகள் ஏன் சேர்க்கப்படுகின்றன?

நிமோனியா, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவைச் சர்க்கரை மூலக்கூறுகளாலான உறை ஒன்று சூழ்ந்துள்ளது. இரத்த வெள்ளையணுக்கள் பாக்டீரியாவை விழுங்கி அழிப்பதை இவ்வுறை தடுக்கிறது. உறையின் அமைப்பைப் பொறுத்து 100-க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒரு வகைக்கு எதிராக உடல் பெறும் பாதுகாப்பு, பெரும்பாலும் மற்றொரு வகையைத் தடுப்பதில்லை.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் 7 வகைகளுக்கு எதிரான தடுப்பூசி அறிமுகமானது. அவ்வகைகளால் குழந்தைகளுக்கு ஏற்பட்ட கடும் நோய் வெகுவாகக் குறைந்தது. ஆயினும், அதில் இடம்பெறாத 19ஏ என்னும் வகையால் வரும் நோய் அதிகரித்தது. எனவே 2010-இல் அதனையும் உள்ளடக்கிய, 13 வகைகளுக்கான தடுப்பூசி நடைமுறைக்கு வந்தது. தடுப்பூசி பயனற்றது என்பது இதன் பொருளன்று. குழந்தைகளிடையே கடும் நோயின் மொத்த அளவு குறைந்தே உள்ளது.

இந்தியாவில் இத்தடுப்பூசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய வயதுகளில் அரசால் இலவசமாகச் செலுத்தப்படுகிறது. தவணை தவறியிருப்பின் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். தடுப்பூசியில் இல்லாத வகையாலும் நோய் வரக்கூடும். ஆகவே, தடுப்பூசி பெற்ற குழந்தைக்கும் வேகமான மூச்சு, மூச்சிழுக்கும்போது மார்பு உள்வாங்குதல், பால் குடிக்க இயலாமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால், தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.