காருக்கு 15 ஆண்டு, திரைக்கு எத்தனை?

கார் வாங்கப் போகிறவரிடம் விற்பனையாளர் இன்று முதலில் காட்டுவது எஞ்சினை அல்ல. டேஷ்போர்டின் நடுவில் நிற்கும் திரையை. ஏழு அங்குலமா, எட்டா, பத்தேகாலா என்பதோடு சேர்ந்தே வேரியன்ட்டும் விலையும் ஏறுகின்றன. சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கோ கோவில்பட்டிக்கோ போய் வண்டி எடுக்கும் குடும்பமும் பாட்டு நன்றாகக் கேட்குமா, ரிவர்ஸ் கேமரா உண்டா என்று விசாரித்ததோடு திருப்தியாகிவிடுகிறது. அந்தத் திரை எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்பவர்கள் அபூர்வம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதற்கான ஆயுள் வரியையும் அரசு முதல் நாளே வாங்கிக்கொள்கிறது. திரைக்குள் இருப்பதோ கைபேசிக்குள் இருப்பதைப் போன்ற சிப்பும் நினைவகமும் மென்பொருளும்தான். ஐந்தாறு வருடத்தில் கிழடு தட்டுகிற பொருளை 15 வருடம் ஓட வேண்டிய வண்டிக்குள் பதித்துவிட்டு, நடுவில் விழுகிற இடைவெளியைப் பராமரிப்பு என்ற பெயரில் வாங்கியவர் தலையில் கட்டியிருக்கிறோம். அந்தச் சுமையில் பாதிதான் அவருடையது. மீதியை வண்டி செய்தவரும் சட்டமும் சுமந்தாக வேண்டும்.

முதலில் அவருடைய பாதியைப் பார்த்துவிடலாம். அது சின்னதும் அல்ல. இந்தப் பகுதியில் திரைக்கு முதல் எதிரி வெயில். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி நகரத்துக் கோடையில் நடத்தி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உட்புறம் சராசரியாக 47 டிகிரி செல்சியஸைத் தொட்டது. டேஷ்போர்டு 69 டிகிரிக்குப் போனது. நம் சித்திரை, வைகாசி வெயில் அதற்கு ரொம்பவும் இளைத்ததல்ல. காருக்கென்றே செய்த திரை இந்தச் சூட்டைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதுதான். ஆனால் தினமும் தாங்குவதற்கு ஒரு விலை உண்டு. ஒட்டுப்பசை இளகும், ஓரம் மஞ்சளிக்கும், தொடுபரப்பு தொடாமலே உளறும். முன் கண்ணாடிக்கு வெயில் தடுப்பு மறைப்பு வைப்பது, நிழல் கிடைக்காத இடத்தில் வண்டியின் பின்புறத்தைச் சூரியனுக்குக் காட்டி நிறுத்துவது, கிளம்பியதும் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு அதன்பின் மற்றதைத் தொடுவது: செலவில்லாத இந்தப் பழக்கங்கள் திரையின் ஆயுளைக் கூட்டும்.

அடுத்தது துடைப்பது. கரிசல் புழுதி படிந்த திரையைக் கையில் கிடைத்த காய்ந்த துணியால் தேய்ப்பது, உப்புத்தாள் போடுவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. மைக்ரோஃபைபர் துணியை லேசாக நனைத்து, திரையை அணைத்துவிட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் கண்ணாடித் திரவத்தில் அம்மோனியா இருந்தால் திரையின் மேல் பூச்சு உரியும். டேஷ்போர்டு பாலிஷ் பட்டால் எண்ணெய்ப்படலம் தங்கும். எதையும் நேராகத் திரையில் பீய்ச்சினால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும். ஆயுத பூஜையன்று ஸ்டியரிங்குக்கு வைக்கும் சந்தனம், குங்குமத்தைத் திரைக்கும் வைக்கிறார்கள். வைக்கட்டும், அதுவும் வண்டியின் உறுப்புதான். ஆனால் சட்டத்தின் மேல் வைப்பது நல்லது, கண்ணாடியின் மேல் அல்ல. கோமதி அம்மன் சந்நிதியில் வாங்கிய புற்றுமண்ணையும் திருநீற்றையும் யுஎஸ்பி துளைக்குப் பக்கத்துக் குழியில் போட்டுவைக்காமல் இருப்பதும் அதே கணக்கில் சேரும்.

பென் டிரைவ் விஷயத்தில் பல பழிகள் திரையின் மேல் வீணாக விழுகின்றன. கடையில் பாட்டு ஏற்றிக் கொடுத்த டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் பல செட்டுகள் அதைப் படிக்காது. ஃபேட்32 முறையில் மாற்றினால் அதே செட்டு படித்துவிடும். கல்யாண மண்டபத்து வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பாட்டு ஓடவிட்டால், சின்னக் காரின் பேட்டரி திரும்பி வரும்போது கைவிரிக்கும். ஈய-அமில பேட்டரி இப்படி அடிமட்டம் வரை வற்றுவதற்கென்று செய்யப்பட்டதும் அல்ல. கூடுதல் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் மாட்டும்போது கம்பெனி ஒயரை வெட்டி டேப் சுற்றவிடாமல், அதே வண்டிக்கான கப்ளர் கேட்டு வாங்குவது அவசியம். வாரண்டி தகராறுகளில் முதலில் பேசப்படுவது அந்த வெட்டுதான்.

இவ்வளவையும் ஒருவர் ஒழுங்காகச் செய்தாலும் திரை ஒருநாள் இருளலாம், அவர் பங்கில் ஒரு குறையும் இல்லாமல். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. 2018 மார்ச்சுக்கு முன் செய்த மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகள் அவை. திரையை இயக்கும் கணினியில் இருந்தது 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகம். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நினைவகம் சிறிது தேயும். சுமார் 3,000 சுற்றோடு அதன் கதை முடியும். வண்டி ஓடும்போதெல்லாம் மென்பொருள் ஏதோ ஒரு பதிவை எழுதிக்கொண்டே இருந்ததால் ஐந்தாறு வருடத்தில் அந்த எல்லை வந்துவிட்டது. மறு ஆண்டு ஜனவரியில் சியாட்டில் பகுதியில் நடந்தது இன்னும் விசித்திரம். ஒரு வானொலி நிலையம் ஒலிபரப்போடு சேர்த்து அனுப்பிய படக் கோப்பின் பெயரில் வால் இல்லை. அது என்ன வகைக் கோப்பு என்று சொல்லும் சில எழுத்துகள் விடுபட்டிருந்தன. அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்த 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்களின் செட்டு குழம்பி, அணைந்து அணைந்து உயிர்பெற்று, அதே நிலையத்திலேயே சிக்கிக்கொண்டது. சரிசெய்ய முழுக் கருவியையே மாற்ற வேண்டியிருந்தது. எந்த மைக்ரோஃபைபர் துணி இதைத் தடுத்திருக்கும்?

இந்த மாதிரிப் பழுது சென்னையில் வருவதும் சங்கரன்கோவிலில் வருவதும் ஒன்றல்ல. இது விசைத்தறி ஓடும் ஊர். பல பத்தாண்டுகள் ஆன தறிகூட இங்கே ஓடுகிறதென்றால், அதைத் திறந்து பார்க்கவும் தேய்ந்த உறுப்பைக் கடைந்து மாற்றவும் உள்ளூரில் கை இருக்கிறது; தறியும் அந்தக் கைக்குத் தன்னைத் திறந்து காட்டுகிறது. காரின் கிளட்ச்சையும் சஸ்பென்ஷனையும் இங்குள்ள மெக்கானிக் இன்றும் பிரித்து மாட்டுவார். திரையின் முன்னால் அவர் திறமை செல்லாது. பழுதைக் கண்டறியும் மென்பொருளும் கடவுச்சொல்லும் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் இருக்கின்றன. திருநெல்வேலிக்குப் போக 50 கிலோமீட்டருக்கு மேல். அங்கேயும் பழுது பார்ப்பது குறைவு. முழுப்பெட்டியையும் மாற்றச் சொல்வதே வழக்கம். இந்தப் பூட்டு புதிதல்ல. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் சந்தையை அடைத்ததாக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்குகள் நீண்டன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது சேர்த்த நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. இணையதளம் ஒரு தொடக்கம், கடமை ஆகவில்லை.

இதற்குச் சட்டென்று வருகிற மறுப்பு: பழுதானால் கழற்றி எறிந்துவிட்டு, அக்சஸரீஸ் கடையில் வேறொரு ஆண்ட்ராய்டு செட்டு மாட்டிக்கொள்ளலாமே? முன்பு இது முழு உண்மை. கார் ரேடியோ உட்காரும் குழிக்கு ஒரு பொது அளவு இருந்தது. ஜெர்மானியத் தர அமைப்பு வகுத்து, பின் ஐஎஸ்ஓ 7736 என்று உலகம் ஏற்றுக்கொண்ட அந்த அளவு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இரட்டிப்பு உயரத்துக்கு டபுள் டின் என்று பெயர். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் யுஎஸ்பி வந்தது. வண்டி அதே வண்டியாக இருந்தது, குழிக்குள் இருந்த பெட்டி மட்டும் மாறிக்கொண்டே போனது. இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கார்த் தொழில் அதிகம் கண்டதில்லை. யாரும் அதைச் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை. அழகு என்ற பெயரில் மெதுவாகக் கைவிட்டார்கள். இன்று திரை டேஷ்போர்டோடு ஒரே வார்ப்பாகத் தெரிய வேண்டும். பல மாடல்களில் ஏசி கட்டுப்பாடு அதற்குள், ரிவர்ஸ் கேமரா அதற்குள், விளக்கு, பூட்டு, சர்வீஸ் நினைவூட்டல் எல்லாம் அதற்குள். அதைக் கழற்றினால் பாட்டோடு போவதில்லை, குளிர்ச்சியும் போகும். கடைச் செட்டு சில வண்டிகளில் பொருந்தும், பலவற்றில் பாதி வேலை செய்யும்.

இன்னொரு மறுப்புக்கு எடை கூடுதல். மூளை கைபேசியில் இருக்கிறது, திரை வெறும் கண்ணாடிதான். ஆப்பிள் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்கும்போது செட்டு பழசானால் என்ன என்கிறார்கள். பெருமளவுக்கு இது சரி. வாங்குகிறவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், தானாக இணையத்தோடு பேசி ஆண்டுச் சந்தா கேட்கும் அறிவாளித் திரையைவிட, கைபேசியை ஒழுங்காகப் பிரதிபலிக்கும் எளிய திரையே மேல். ஆனால் அந்தப் பிரதிபலிப்பும் நிறுவனத்தின் தயவு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய மின்கார்களில் இரண்டையும் நிறுத்தப்போவதாக 2023-ல் அறிவித்தது. இன்னொரு பக்கம், கைபேசி திரைக்கு வந்ததால் கவனச்சிதறல் குறையவில்லை. பிரிட்டனின் டிஆர்எல் ஆய்வகம் 2020-ல் வெளியிட்ட சோதனையில், இந்த இரண்டையும் தொட்டு இயக்கிய ஓட்டுநர்கள் எதிர்வினை காட்ட எடுத்த நேரம் 50 சதவீதத்துக்கு மேல் கூடியது. அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை மது அருந்தியவருக்குக் கூடுவது 12 சதவீதம்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் வண்டி 33 மீட்டர் குருட்டுத்தனமாக ஓடியிருக்கும். ஆடும் லோடு ஆட்டோவும் டிவிஎஸ் எக்ஸெல்லும் எந்தச் சந்திலிருந்தும் வருகிற நம் சாலையில் 33 மீட்டர் என்பது நிறைய.

ஆகவே ஏசி, ஒலியளவு, கண்ணாடிப் பனி நீக்கி போன்றவற்றுக்குக் கையால் தடவித் தெரிந்துகொள்ளும் பட்டன் வேண்டும் என்பது பழமைவாதம் அல்ல. ஸ்வீடனின் வி பிலேகரே இதழ் 2022-ல் 110 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு வகை வேலைகளைச் செய்யவைத்துப் பார்த்தது. 2005-ஆம் ஆண்டின் பட்டன் வைத்த வோல்வோவில் 10 விநாடியில் முடிந்தது. கடைசியாக வந்த புதிய எம்ஜி காரில் கிட்டத்தட்ட 45 விநாடி. 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்ற அடிப்படை இயக்கங்களுக்குத் தனிப் பட்டனோ நெம்புகோலோ இருந்தால்தான் ஐந்து நட்சத்திரம் என்று, ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு சொல்லியிருக்கிறது. பட்டனுக்கு இன்னொரு குணமும் உண்டு: திரை செத்தாலும் ஏசி செத்துப்போகாது.

பூட்டைத் திறந்தால் திருடர்களும் நுழைவார்கள் என்று நிறுவனங்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜீப் செரோக்கியின் பாட்டு செட்டு வழியாக, எங்கோ உட்கார்ந்துகொண்டு வண்டியின் வேகத்தையே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆனால் அந்த ஓட்டை, உள்ளூர் மெக்கானிக்குக்குக் கருவி கொடுத்ததால் வந்ததல்ல. நிறுவனத்தின் மூடிய வடிவமைப்பிலேயே இருந்தது. அடைத்த விதமோ, உரிமையாளர்களுக்கு யுஎஸ்பி டிரைவைத் தபாலில் அனுப்பி! இந்த நிகழ்ச்சி சொல்வது வேறு: இணையத்தோடு இணைந்த செட்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் நிற்கிற நாளில் அந்த வண்டி ஆபத்தாகிறது. பழைய கார்கள் கைமாறிக் கைமாறிச் சிறு ஊர்களுக்கு வந்து சேர்வதால், அந்த நாளுக்குப் பிந்தைய ஆபத்தும் இங்கேதான் வந்து சேரும். விற்பவரின் தொடர்பு எண்களும் வீட்டு முகவரியும் செட்டுக்குள்ளேயே கூட வருவது தனிக்கதை. சாவியைக் கொடுக்கும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டால் அது தீரும்.

அமெரிக்காவில் டெஸ்லாவை அசைத்தது எது என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டு நின்றதற்காக அங்கே யாரும் வண்டியைத் திரும்ப அழைக்கச் சொல்லவில்லை. 2018 மே முதல் புதிய கார்களுக்குப் பின்பக்கக் கேமரா அங்கே கட்டாயம். திரை இருண்டால் கேமரா இல்லை, பனி நீக்கியின் கட்டுப்பாடும் இல்லை. எனவே அது பாதுகாப்புக் குறை ஆனது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் கட்டாயமானது பின்பக்க சென்சார் மட்டுமே. அதே ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்த 110ஏ பிரிவு, ஓட்டுநருக்கோ மற்றவருக்கோ தீங்கு தரக்கூடிய குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. இருண்ட திரையை அந்த வரம்புக்குள் சேர்த்து வாசிப்பது கடினமல்ல: கேமராவும் ஏசியும் பனி நீக்கியும் திரைக்குள் இருந்தால், திரையின் பழுது வண்டியின் பழுது என்று ஒரு வரி விளக்கம் போதும்.

அதோடு, விலைப்பட்டியலில் மைலேஜ் போடுவது போல, மென்பொருள் திருத்தம் எந்த ஆண்டுவரை வரும், மாற்றுத்திரை எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்ற இரண்டு தேதிகளையும் அச்சிடச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனில் இருந்து கைபேசிக்கே, விற்பனை நின்ற பிறகு 5 ஆண்டு மென்பொருள் திருத்தமும் 7 ஆண்டு உதிரிபாகமும் தரச் சொல்கிறது. இருபதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு உள்ள கடமை பத்து லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு இல்லாமல் போக நியாயம் தெரியவில்லை. இதனால் விலை ஏறும் என்பார்கள். ஏறலாம். இப்போதும் அந்தச் செலவு இல்லாமல் போகவில்லை. எட்டாவது வருடத்தில், வாரண்டி முடிந்து, வண்டி இரண்டாவது கைக்கு வந்த பிறகு, அதை வாங்க முடிந்த அளவுக்கே பணம் வைத்திருந்தவர் மொத்தமாகக் கட்டுகிறார். முதலிலேயே விலையில் தெரிந்தால், பெரிய திரையா சின்னத் திரையா என்று ஷோரூமில் நிற்கும் குடும்பம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பட்டன் வைத்த வேரியன்ட்டையே எடுத்துக்கொண்டு ஊர் திரும்பவும் கூடும்.