மெட்டு வெட்டும் மெஷின்

முதல் மெட்டு 36.37 மில்லிமீட்டரில். கடைசி இரண்டு மெட்டுகளுக்கு நடுவே 10.81 மட்டும்தான். வீணைக்காரர்கள் மெட்டு என்பதைக் கிட்டார்காரர்கள் ஃபிரெட் என்கிறார்கள். இங்கே மெட்டு என்றே இருக்கட்டும். தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர், அதாவது இருபத்தைந்தரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால், எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்துப் பலகையில் 22 மெட்டுகளும் எங்கெங்கே உட்கார வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடக் கால்குலேட்டரே சொல்லிவிடும். மிச்சமிருக்கும் நீளத்தை 17.817ஆல் வகுத்து, வந்த விடையளவு தள்ளி அடுத்த கோடு. கணக்கு சுலபம். அந்தந்த இடத்தில் 0.6 மில்லிமீட்டர் அகலத்துக்கு, பிசிறில்லாமல், கோணம் தப்பாமல் 22 கோடுகள் அறுப்பதில்தான் ஆளை அடித்துவிடும். பதினெட்டு கோடு நன்றாக வந்து பத்தொன்பதாவது ஒரு மயிரிழை சாய்ந்தால் பலகையைத் தூக்கி அடுப்புக்குப் போட வேண்டியதுதான்.

இந்த வேலையை வீட்டு மாடியிலேயே செய்து தர இப்போது சி.என்.சி. மெஷின் இருக்கிறது. சிதம்பரம், கடலூர் பக்கம் புதுவீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பூஜையறைக் கதவில் கஜலட்சுமியும் ஜன்னல் பலகையில் பூங்கொடியும் வெட்டித் தரும் கடைக்குப் போயிருப்பார்கள். கம்ப்யூட்டரில் படம், மேஜையில் பலகை, மேலே சுழலும் பிட். யானையின் தும்பிக்கையை வளைக்கிற மெஷின் கிட்டாரின் இடுப்பையும் வளைக்கும். அதற்கு இரண்டும் எண்கள்தான்.

அந்த எண்களை மெஷினுக்குப் புரியவைக்க ஒரு காலத்தில் அறை நிறைய சாமான் வேண்டியிருந்தது. ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரின் யோசனையை எடுத்துக்கொண்டு, எம்.ஐ.டி. பொறியாளர்கள் 1952இல் ஓட்டிக்காட்டிய முதல் மெஷின் வால்வுகளாலும் துளையிட்ட காகித நாடாவாலும் ஓடியது. 2009இல் நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்செத், ‘ஜி.ஆர்.பி.எல்.’ என்ற நிரலை எழுதி இலவசமாக விட்டார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஆர்டுயினோ போர்டில் அது ஓடும். உலகம் முழுக்க வீட்டுச் சி.என்.சி.கள் பெருகியதற்குப் பெரிய காரணம் அது. அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் கிட்டார் ஒன்றை இங்கே வாங்க லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணத்துக்குள் மெஷினையே கட்டிவிடலாம். கிட்டாரும் வரும், மெஷினும் மிஞ்சும்.

பரங்கிப்பேட்டையில் ஒருவர் இதைச் செய்ய உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

மோட்டாரும் போர்டும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், கூரியரிலும் வந்துவிடும். நேமா 23 என்ற ஸ்டெப்பர் மோட்டாரில் நான்கு எடுத்தால் போதும். 23 என்பது முகத்தின் அளவு, 2.3 அங்குலம். இந்த மோட்டார் சாதாரண மோட்டார் போலக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றாது. ஒரு சுற்றை 200 அடியாக எண்ணி எண்ணி வைக்கும். டிரைவர் போர்டு அந்த ஒவ்வோர் அடியையும் பதினாறாகப் பிளக்கிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் ஸ்க்ரூவோடு மாட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கு 400 அடி. காகிதத்தில் இது கடிகாரக்காரரின் நுணுக்கம். நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் இருக்கும் ஆட்டத்தை அந்தக் கணக்கு சொல்லாது. லேத் பட்டறையில் அதை ‘ப்ளே’ என்பார்கள். வீட்டில் கட்டிய மெஷினில் அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது இருக்கும்.

அது போதுமா? போதும். அரைச் சுரத்தை நூறாகப் பிரித்த அளவுக்கு சென்ட் என்று பெயர். 648 மில்லிமீட்டர் தந்தியில் 22ஆவது மெட்டு 0.1 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் சுருதி ஒரு சென்ட்கூட மாறாது. அரை மில்லிமீட்டர் தப்பினால்தான் ஐந்து சென்டை நெருங்கும். கூர்ந்த காது அப்போதுதான் முகம் சுளிக்கும். ஆக, லட்சக்கணக்கில் விலைபோகும் தொழிற்சாலை மெஷின் இல்லையே என்று கிட்டார் செய்பவர் கலங்க வேண்டியதில்லை.

கலங்க வேண்டியது உப்புக்காற்றுக்கு. வெள்ளாறு கடலில் சேரும் ஊர் இது. ஜன்னல் கம்பி இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிர்ஷ்டம். மெஷின் நகர்ந்து ஓடும் பளபளவென்ற எஃகுத் தண்டவாளங்கள் கிரீஸ் தடவி மூடி வைக்காவிட்டால் ஒரே மாதத்தில் சிவந்துவிடும். அடுத்தது கரண்ட். ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஞாபகமில்லை. பாதி வெட்டில் மின்சாரம் போய்வந்தால் தான் எங்கே நின்றோம் என்று அதற்குத் தெரியாது. வெட்டு ஓர் இழை தள்ளி விழும். இன்வெர்ட்டரில் மின்விசிறிக்கு முன்னால் மெஷினைச் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

அந்த எஃகுத் தண்டவாளமும் ஸ்க்ரூவும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. இதே ஊரிலிருந்துதான் ஒரு காலத்தில் இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை இரும்பு ஆலை நிறுவினார். தாது சேலத்திலிருந்து, எரிபொருள் மரக்கரி. மரக்கரிக்குக் காடு தீரத் தீர ஆலையும் தேய்ந்தது. ஊர் திரும்பிய ஹீத், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்து காசு கொடுக்காமல் தப்பித்தார்கள். வழக்காடிக் களைத்த மனிதர் 1851இல் இறந்தார். கிட்டார் தந்தியும் எஃகுதான் என்பதால் இந்தக் கிளைக்கதை.

இனி மரம். பிச்சாவரம் பக்கத்தில் இருக்கிறதே, சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர் தந்த மரம், அதில் செய்தால் எப்படியிருக்கும் என்று யாருக்காவது ஆசை வரலாம். அதன் பால் பட்டால் கண் போகும், காடும் பாதுகாக்கப்பட்டது. ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். கழுத்துப் பலகைக்கு உலகமே கேட்பது நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டி மரத்தை. பிரேசில் ஈட்டிக் கட்டைகளின் ஏற்றுமதி நின்றபோது, மார்ட்டின் போன்ற பழைய அமெரிக்கக் கம்பெனிகள் 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறின. இங்கே அதைக் காக்க 1994இல் தனிச் சட்டமே வந்தது. ரசீதோடு வாங்கிய துண்டு என்றால் சரி.

உடம்புக்குப் பலா. இதில் மட்டும் இந்தப் பத்தி எழுதுபவருக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. தஞ்சாவூர் வீணைக்காரர்கள் பலாவுக்கு வரும் இடமே பண்ருட்டிதான். அது இதே கடலூர் மாவட்டம். ஃபெண்டரும் கிப்சனும் ஆல்டர், ஆஷ், மகோகனி என்று போனது அந்த மரங்கள் அவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்ததால். பலா அதிகம் கனக்காது, கறையான் எளிதில் அண்டாது. அறுத்த அன்று மஞ்சளாக இருப்பது போகப்போகப் பழுப்பாகி, பத்து வருஷத்தில் வெல்லப்பாகு நிறத்துக்கு வரும். ஆனால் பச்சை மரம் உதவாது. கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது மரவேலைக்காரர்கள் கணக்கு. கிட்டாரின் உடம்பு ஒன்றேமுக்கால் அங்குலம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் பலாக்கதவு கிடைத்தால் விடக்கூடாது.

வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் பிட் ஒரு நடைக்கு இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. கழுத்து வந்து உட்காரும் குழி 16 மில்லிமீட்டர் ஆழம், அதற்கே எட்டு நடை. இழையோடு போகும்போது சத்தம் சீராக, தையல் மெஷின் மாதிரி இருக்கும். கொம்பின் வளைவில் இழைக்குக் குறுக்கே திரும்பியதும் சத்தம் கரகரக்கும். பலாவில் இழை சில இடங்களில் பின்னிக் கிடப்பதால் அங்கே சிம்பு பிய்ந்துவரும். கை தானாக நிறுத்தும் பட்டனுக்குப் போகும். மஞ்சள் தூள் சட்டை, கண் இமை, மொட்டைமாடித் துணிக்கொடி எல்லாவற்றிலும் படியும். பௌத்தத் துறவிகளின் ஆடைக்குப் பலாக்கட்டைச் சாயம் போட்டது ஏன் என்று சலவைக்குப் போடும்போது புரியும். நாற்பத்துநான்கு மில்லிமீட்டர் கனத்தையும் வீட்டு மெஷினே அறுக்கட்டும் என்று விட்டால் பிட் நெளியும். பாதி ஆழம் மெஷின், மீதியை மரப்பட்டறையின் பேண்டு ரம்பம் பார்த்துக்கொள்ளும்.

பிக்கப் செய்ய மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போகலாம். காந்தத்தைச் சுற்றி 42 கேஜ் கம்பி, தலைமயிரைவிட மெல்லியது, ஏறக்குறைய 8,000 சுற்று. தண்ணீர் மோட்டாருக்குச் சுற்றும் கடையில் இருக்கும் கம்பி இதற்கு முன்னால் தேர்வடம். “தம்பி, இதுல எந்த மோட்டார் சுத்தும்?” என்று அண்ணன் கேட்கத்தான் செய்வார். ஒன்றும் சுற்றாது, மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காயிலில் துளி மின்சாரம் பிறக்கும், அதை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரின் முழு ரகசியமும் இவ்வளவுதான். அதை ஊருக்கெல்லாம் கொண்டுபோன லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரிப்பேர்காரர் புத்திதான் கழுத்தை ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவில் மாட்ட வைத்தது. கெட்டால் கழற்றி மாற்றலாம் அல்லவா?

குடமில்லாத தந்தி வாத்தியத்தைக் கச்சேரி மேடை ஏற்காது என்று பேசியவர்களுக்கு யூ. ஸ்ரீநிவாஸ் சிறுவனாக இருந்தபோதே ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினில் பதில் சொன்னார். ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்த ஆர். பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார். அந்தச் சண்டை முடிந்துவிட்டது.

முடியாத சண்டை மெட்டிலேயே இருக்கிறது. மெஷின் வெட்டிய 22 கோடும் மேற்கத்தியச் சம இடைவெளிக் கணக்கு. நம் காந்தாரமும் நிஷாதமும் ராகத்துக்கு ராகம் இடம் மாறி, அசைந்து நிற்பவை. வீணையில் 24 மெட்டுகளை மெழுகுச்சட்டத்தில் காதால் கேட்டுப் பதிப்பார்கள். வெயிலில் மெழுகு இளகினால் மறுபடி உட்கார்ந்து பதிப்பார்கள். அதன் பிறகும் சுரம் மெட்டில் இல்லை, விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிற இழுப்பில் இருக்கிறது. வீணை மெட்டுகள் உயரமாக நிற்பதால் விரலுக்குக் கீழே வெற்றிடம்; இழுப்பு வழுக்கிக்கொண்டு போகும். கிட்டாரில் விரல் நுனி பலகையில் உராயும்.

இதற்கு வழி கண்ட கதையில் நம் வட்டாரத்துக்கு ஒரு பங்கு உண்டு. பழைய தென்னாற்காடு மாவட்டத்து வளவனூரில் 1917இல் பிறந்தவர் எஸ். ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்கீத பூஷணம் படித்தவர். சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர் சொல்லிக்கொடுத்தபோது வீணை கற்க வந்தவர்களில் ஒருவர் ஜான் மெக்லாஃப்லின், ராக் உலகம் அப்போது தலையில் தூக்கிவைத்திருந்த கிட்டார்காரர். பிறகு விக்கு விநாயக்ராம், எல். சங்கர், ஜாகிர் உசேனோடு ‘சக்தி’ குழுவில் வாசிக்க அவர் கேட்டு வாங்கிய கிட்டாரில், கிப்சனுக்காக அதைச் செய்த ஆப்ரகாம் வெக்டர், மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கினார். வீணையின் வெற்றிடம் கிட்டாருக்குள் வந்தது. இழுத்தால் கமகம் பேசியது.

அந்தப் பள்ளத்தைத்தான் வீட்டு மெஷின் அழகாகச் செய்யும். உருண்டை முனை பிட்டைப் போட்டு, இரண்டு மெட்டுக் கோடுகளுக்கு நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கி ஏறச் சொன்னால், இருபத்திரண்டு கிண்ணமும் ஒரே அச்சில் வரும். அரத்தோடு உட்கார்ந்தால் இரண்டு நாள் வேலை. பள்ளம் இன்னும் ஆழமாக வேண்டுமா, மேல் மெட்டுகளுக்கு மட்டும் போதுமா என்பதை எந்த நிரலும் சொல்லாது. வாசிப்பவர் தோடியின் காந்தாரத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடையில் தொங்கும் கிட்டாரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கேட்டு வாங்க ஆளும் கேட்டதை வெட்ட மெஷினும் ஒரே தெருவில் இருப்பதில்தான் சொந்தக் கிட்டாரின் பெருமை, பலா உடம்பில் பெயர் பொறிப்பதில் இல்லை.

செய்யத் துணிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள், மழை ஈரத்தில் பலகை ஊதும், தை பிறந்து இறுகும்போது மெட்டின் நுனி ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். முதல் இரண்டு உடம்பை எம்.டி.எஃப். பலகையில் வெட்டிப் பாருங்கள், இரண்டுமே கெட்டுப்போகும். பண்ருட்டிக்கு வண்டி ஏறுவது அதற்குப் பிறகு.