குடவோலையில் இல்லாத பேர்கள்

எங்க உத்திரமேரூர்னு சொன்னாலே குடவோலைன்னு ஆரம்பிச்சிடறாங்க. பெருமைதான், மறுக்கலை. ஆனா வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல, பராந்தக சோழன் காலத்துல (கி.பி. 921) வெட்டின விதியை முழுசாப் படிங்க மக்களே: கால்வேலி நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு, 35 முதல் 70 வயசு. அது பிராமணர் சபை. நிலமில்லாம உழுதவன் பேரு குடத்துக்குள்ள போகவே இல்லை. (28 வயசுல எனக்கும் ஓலை கிடையாது :-))

பழங்கதைன்னு தள்ளிடாதீங்க. மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில தலித்துக்கு ஒதுக்கின ஊராட்சித் தலைவர் நாற்காலியில, 1996-லேர்ந்து 2006 வரை யாரையும் நிலைச்சு உட்கார விடலை.

இடஒதுக்கீட்டால தகுதி போச்சுன்னு புலம்பற நண்பர்களே, கல்வெட்டுலயும் தகுதின்னுதான் எழுதி வச்சாங்க. அந்தத் தகுதியை எழுதினது யாரு? பின்னூட்டத்துல சொல்லுங்க.