முகாமின் கடைசி ராத்திரி

மே மாத லீவு வந்தால் சபைகளில் வாலிபர் முகாமும் வந்துவிடும். கடைசி ராத்திரி என்ன நடக்கும் என்பது ஒரு தடவை போய் வந்தவர்களுக்கே மனப்பாடம். லைட்டைக் குறைப்பார்கள். கீபோர்டை மெதுவாக வாசிப்பார்கள். "இன்றைக்கு ராத்திரி உன் எதிர்காலத்தைத் தீர்மானி" என்பார் பிரசங்கியார். பிள்ளைகள் கை தூக்குவார்கள், அழுவார்கள், அட்டையில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். ஜூனில் ஸ்கூல் திறக்கும்போது அட்டை சபை ஆபீஸ் அலமாரியில் இருக்கும். பிள்ளைகள் பழையபடி ராத்திரி ஒரு மணிவரை செல்போனோடு இருப்பார்கள்.

அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பிரசங்க வாக்கியம்தான் பொய். எதிர்காலம் ஒரே ராத்திரியில் முடிவாகிறது என்று 15 வயதுப் பிள்ளையிடம் சொன்னால், மீதி 364 நாளும் கணக்கில் வராது என்றுதானே அது புரிந்துகொள்ளும்?

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்தார்கள். கல்யாணம் வரை காத்திருப்போம் என்று டீன் ஏஜ் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கும் 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' இயக்கத்தை 1993-ல் சதர்ன் பாப்டிஸ்ட் சபையினர் தொடங்கினார்கள். அடுத்த வருடமே, அப்படிக் கையெழுத்தான 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை வாஷிங்டன் புல்வெளியில் வரிசையாக நட்டுக் காட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். இம்மாதிரி உறுதிமொழி எடுத்த பிள்ளைகளையும், பக்தியிலும் குடும்பச் சூழலிலும் அவர்களைப் போலவே இருந்தும் எடுக்காத பிள்ளைகளையும் ஜேனட் ரோசன்பாம் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்து 2009-ல் எழுதினார். ஐந்து வருடம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் நடத்தையில் வித்தியாசம் இல்லை. உறுதிமொழி எடுத்தவர்களில் 82 சதவீதம் பேர், அப்படி ஒன்று எடுத்ததே இல்லை என்று சொன்னார்கள்!

இத்தனைக்கும் வேதாகமம் இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவு. சண்டே ஸ்கூல் சுவரில் தானியேலும் சிங்கமும் இருக்கும். சிங்கக் கெபிக்குப் போகும்போது தானியேல் கிழவர் என்பதைப் படம் வரைகிறவர்களே மறந்துவிடுகிறார்கள். கதை தொடங்குவது சாப்பாட்டுத் தட்டில். ராஜாவின் பந்தி வேண்டாம், பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்ட பையன் அவன். அதற்கப்புறம் எத்தனையோ வருடம், தினம் மூன்று வேளை ஜன்னலைத் திறந்து வைத்து ஜெபம். யோசேப்பும் அப்படித்தான். போத்திபாரின் மனைவி அவனை ஒரு நாள் மட்டும் கூப்பிடவில்லை, தினமும் கூப்பிட்டாள். ஆகவே அவன் மறுத்ததும் தினமும்தான். 17 வயதில் சொப்பனம் கண்டவன் பார்வோன் முன்னால் நின்றது 30 வயதில். நடுவில் இருக்கும் 13 வருடத்தைப் பிரசங்கத்தில் ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு வேண்டியதே அந்த 13 வருடம்தான்.

சரி, தினசரித் தீர்மானம் என்றால் எது? சபையில் கேட்டால் சினிமா, செல்போன், காதல் என்று மூன்று பதில் ரெடியாக வரும். காப்பியடிப்பது வராது. வீட்டு வேலையை அம்மா தலையில் போட்டுவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போவது வராது. நிச்சயமாகக் கையில் கட்டும் கலர் கயிறு வராது. தென் மாவட்டப் பள்ளிகளில் எந்தக் கலர் எந்தச் சாதி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, இந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று 2024-ல் பரிந்துரை செய்தது. சபைப் பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கயிறு கட்டுவதா, சாதி ஜோக்குக்குச் சிரிப்பதா, யாரோடு டிபன் பாக்ஸைப் பகிர்வது என்று காலை ஒன்பதரைக்குள் மூன்று தீர்மானம் எடுத்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்துத் திருமண விளம்பரத்தில் என்ன எழுதப் போகிறார்கள் என்பது அங்கேதான் முடிவாகிறது. முகாமில் இதைப் பேசினால் பெரியவர்களின் கல்யாணப் பேச்சுகளையும் பேச வேண்டி வருமே, அதனால் செல்போனோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நல்ல தீர்மானம் எடு, எடு என்கிறவர்கள் எந்தத் தீர்மானத்தையும் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பதை அப்பா முடிவு செய்கிறார். வாலிபர் கூட்டத்தில் என்ன பாட்டு என்பதை ஐயா முடிவு செய்கிறார். வாலிபர் சங்கச் செயலாளருக்கு வயது 38! உண்மையிலேயே உதவ நினைக்கிறவர்கள் சண்டே ஸ்கூல் காணிக்கைக் கணக்கை ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுக்கட்டும். நூறு ரூபாய் உதைத்தால் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தவறியது என்று தேடட்டும். முகாமில் அழுத பையனை ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை சாயந்திரம் டீக்கடைக்குக் கூட்டிப்போய், இந்த வாரம் ஸ்கூலில் என்ன நடந்தது என்று ஒரு அண்ணன் கேட்கட்டும். இதற்கு கீபோர்டும் வேண்டாம், பிரசங்கியாரும் வேண்டாம்.